சங்கு பெற்ற பெயரும் இழந்த பெயரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையை நோக்கிச் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் மக்கள் வாழ்வதற்கு உரியவற்றில் கடைசியாக நிற்பது நெடுந்தீவு. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகேறித் திறந்த கடலைக் கடந்தே அங்கே சேரவேண்டும். ஏறக்குறைய 50 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய அத்தீவில் மலையில்லை, ஆறில்லை. முருகைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளும், பனங்கூடல்களும், கட்டின்றித் திரியும் குதிரைகளும், பழைய கோட்டையொன்றின் இடிபாடுமே அங்கே செல்வோரின் கண்ணில் முதலிற் படுவன. நிலம் வறியது, சூழ்ந்துள்ள கடலோ வளமானது. அக்கடலின் வளங்களுள் ஒன்று சங்கு.

இத்தீவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. அங்கே வாழ்வோர் நெடுந்தீவு என்பர். ஆங்கில நிலப்படங்களும் அரசாங்கக் கடிதங்களும் டெல்வ்ற் என்னும். ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். காரைதீவு அம்சுட்டர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் எனவும், நயினாதீவு ஆர்லெம் எனவும், அனலைதீவு ரொட்டர்டாம் எனவும் எழுதப்பட்டன. அப்பெயர்களுட் பெரும்பாலானவை பழைய படங்களோடு மறைந்தன. நெடுந்தீவுக்கு இட்ட பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

கடல் கடந்து வந்தவர்கள் ஒரு தீவுக்குத் தமது பெயரை இட்டுச் சென்ற கதை இது. இதற்கு எதிர்த்திசையில் நடந்த கதையும் ஒன்று உண்டு. அதே கடலிற் பிறந்த சங்கு, தன் சொந்தப் பெயரைச் சுமந்துகொண்டு மேனாடு சென்றது, அங்கே விஞ்ஞானப் பெயர்ப்பட்டியலில் ஏறிற்று, மறக்கப்பட்டது, நூறாண்டு கழித்து மீண்டும் ஏறிற்று, இறுதியில் 1957ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பினால் நீக்கப்பட்டது. ஓர் உயிருக்குப் பெயரிடுவது யாருடைய உரிமை, எந்தப் பெயர் நிலைக்கத்தக்கது என்னும் வினாக்களை இவ்வரலாறு எழுப்புகின்றது.

தமிழர் வாழ்வில் சங்குக்கு உரிய இடத்தை விரித்துக் கூற வேண்டியதில்லை. குழந்தைக்குப் பால் புகட்டியதும் சங்கு. கோயிலில் முழங்குவதும் சங்கு. இறுதி ஊர்வலத்தின் முன்னே ஒலிப்பதும் சங்கு. சங்கை அறுத்துச் செய்த வளையலைப் பண்டைத் தமிழ்ப் பெண்கள் அணிந்தனர் என்பதைச் சங்கச் செய்யுள்கள் பலவிடத்துக் கூறும். வளை என்னும் சொல்லே சங்குக்கும் வளையலுக்கும் பொதுவாயிற்று. பணிலம், நந்து, கோடு, சுரிமுகம் எனப் பிற பெயர்களும் நிகண்டுகளிற் காணப்படுகின்றன. சுரிந்த முகத்தையுடையது சுரிமுகம். உருவத்தைக் கண்டு இட்ட பெயர்கள் இவை.

பெயரிட்டதோடு முன்னோர் நின்றாரல்லர்; வகைப்படுத்தவும் செய்தனர். ஆயிரம் இப்பிகள் சூழ நடுவே இருப்பது இடம்புரி. ஆயிரம் இடம்புரிகள் சூழ இருப்பது வலம்புரி. ஆயிரம் வலம்புரிகள் சூழ இருப்பது சலஞ்சலம். ஆயிரம் சலஞ்சலங்கள் சூழ இருப்பது பாஞ்சசன்னியம் என்பது பழைய மரபு. இது உடலமைப்பை ஆராய்ந்து செய்த பகுப்பன்று. அருமையை அளவிட்டுச் செய்த பகுப்பு. எனினும், அதன் அடியில் ஓர் உண்மை உண்டு. கடலில் எடுக்கப்படும் சங்குகளுள் மிகப் பெரும்பாலானவை ஒரே பக்கமாகச் சுழல்வன. மறுபக்கமாகச் சுழல்வது அரிதினும் அரிது. அந்த அரிய சங்கே வலம்புரி. அதனை வணிகர் பொன்னின் விலைக்கு மேலாகவும் மதித்தனர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தல் தகும். தமிழர் வலம்புரி என்று அழைக்கும் அதே சங்கை, மேனாட்டு விலங்கியலார் இடப்பக்கச் சுழற்சியுடையது என்று எழுதுவர். இருவரும் தவறிழைத்தாரல்லர். விலங்கியலார் சங்கின் கூரிய சுருள்முனையை மேலே வைத்து, வாயைத் தம்மை நோக்கித் திருப்பி, அவ்வாய் எப்பக்கத்தில் உள்ளது என்று பார்ப்பர். நம் நாட்டு வழக்கிலோ சுருள்முனை கீழேயும், நீண்ட வால்முனை மேலேயும் இருக்கும். தலைகீழாகத் திருப்பியதும் இடம் வலமாகிவிடுகின்றது. பொருள் ஒன்றே, பிடிக்கும் முறை இரண்டு. வகைப்படுத்தலும் பெயரிடுதலும் இத்தகையனவே. எங்கே நின்று, எப்படிப் பிடித்துப் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்தே பெயர் அமைகின்றது.

சங்கு மணற்பாங்கான கடலடியில் வாழும் உயிர். மணலிற் பாதி புதைந்திருந்து, அங்குள்ள புழுக்களை உண்டு வளர்கின்றது. உயிரோடு எடுக்கும்போது அது நாம் அறிந்த பால்வெண்மையோடு இராது. தோல் போன்ற பழுப்பு நிறப் போர்வையொன்று ஓட்டை மூடியிருக்கும். தாய்ச்சங்கு ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கிய ஒரு கூட்டை மணலில் ஊன்றி, அதன் அறைகளில் முட்டையிடும். கடல்வாழ் உயிர்கள் பலவற்றின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத சிற்றுருவில் நீரில் மிதந்து நெடுந்தொலைவு செல்வன. சங்கின் குஞ்சோ அவ்வாறு மிதந்து திரிவதில்லை. கூட்டின் உள்ளேயே வளர்ந்து, சின்னஞ்சிறு சங்காகவே வெளிவந்து, பிறந்த மணலிலேயே ஊரத் தொடங்குகின்றது.

இதனால் ஒரு விளைவு உண்டு. ஒரு பாரில் வாழும் சங்குகள் தொலைவிலுள்ள பாரின் சங்குகளோடு கலப்பது அரிது. ஆகவே இடத்துக்கு இடம் உருவம் சிறிது வேறுபடுகின்றது. சங்கு குளிப்போரும் வணிகரும் இவ்வேறுபாட்டை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். இராமேசுவரத்துக்குத் தெற்கே மன்னார்க் குடாவில் எடுக்கப்படும் நீண்ட கூர்முனைச் சங்கைச் சாதிச் சங்கு என்றனர். வடக்கே பாக்கு நீரிணைப் பக்கத்தில் எடுக்கப்படும், முனை மழுங்கிப் பருத்த சங்கைப் பட்டி என்றனர். வளையல் அறுப்போருக்கு இவ்வேறுபாடு விலையோடு தொடர்புடையது. ஒரு சங்கிலிருந்து எத்தனை வளையங்கள் அறுக்கலாம் என்பதை அதன் உருவமே தீர்மானிக்கும். ஆதலின், ஒரு சங்கைக் கையிலெடுத்த மாத்திரத்தில் அது எக்கடலிற் பிறந்தது என்று சொல்லக்கூடிய அறிவு வாணிகத்தின் தேவையாயிற்று.

அந்த வாணிகம் மிகப் பழையது, மிக நீண்டது. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கொசுமாசு என்னும் கிரேக்க யாத்திரிகர், இக்கடற்பகுதியில் சங்கு ஏற்றுமதி செய்யும் துறையொன்றைக் குறிப்பிடுகின்றார். தமிழ்க் கடலிலும் இலங்கையின் வடகடலிலும் எடுக்கப்பட்ட சங்குகளிற் பெரும்பகுதி வங்காளத்துக்கே சென்றது. அங்கே மணமான இந்துப் பெண்கள் சங்கு வளையல் அணிவது இன்றும் வழக்கம். டாக்காவிலும் பாட்னாவிலும் ஆமையோட்டிலும் கடற்சங்கிலும் வளையல் செய்து பிழைப்போர் 2,000 பேருக்கு மேல் இருந்தனர் என 17ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற தவேர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர் எழுதியுள்ளார். வங்காளத்துப் பெண்ணின் கையில் மங்கலச் சின்னமாக விளங்கிய வளை, தெற்கே நம் கடலில் ஒருவன் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்காகும். உயிர்ச்சங்கு மாத்திரமன்று, யாழ்ப்பாணக் கடனீரேரியின் சேற்றிற் புதைந்து கிடந்த பழஞ்சங்குகளும் 19ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுக்கப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன.

பொருளோடு சொல்லும் பயணம் செய்தல் இயல்பு. வடமொழியிலும் தமிழிலும் ஒத்து வழங்கும் சங்கு என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் இக்கரைகளிற் கேட்டுச் சங்கோ என்றாக்கிக் கொண்டனர். கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய மருத்துவர் 1563ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், சங்கை வங்காள வாணிகத்துக்குரிய பண்டமாக அப்பெயராலேயே குறிக்கின்றார். போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் சொல்லைக் கைவிடவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் சமயப்பணி புரிந்தவர் பால்தேயு பாதிரியார். இந்நாட்டைப் பற்றியும் இந்துக்களின் சமயக் கதைகளைப் பற்றியும் அவர் எழுதிய பெருநூல் 1672ஆம் ஆண்டு வெளிவந்தது. கண்ணன் கையிலுள்ள வலம்புரியை அந்நூல் குறிப்பிடும்போது, சங்கு என்னும் சொல்லையே ஐரோப்பிய எழுத்தில் எழுதி, அது வலப்பக்கம் முறுக்கியது என்றும் கூறுகின்றது. தீவுகளின் பெயர்களைத் தம் ஊர்ப்பெயர்களால் மறைத்த அதே ஒல்லாந்தர், சங்கின் பெயரைத் தம் நூலில் ஏற்றுக்கொண்டனர்.

பண்டங்களோடு அழகிய சிப்பிகளும் சங்குகளும் கப்பலேறின. ஐரோப்பாவின் செல்வரும் மருத்துவரும் அவற்றைப் பேழைகளில் அடுக்கி வைத்தல் அக்காலத்துப் பெருமையாயிற்று. பேழைகள் நிறைய நிறைய, குழப்பமும் வளர்ந்தது. ஒரே சிப்பிக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர். இக்குழப்பத்தை நீக்க வந்தவர் சுவீடன் நாட்டு லின்னேயசு. ஒவ்வோர் உயிருக்கும் இலத்தீன் மொழியில் இரண்டு சொற்கள்: முதற்சொல் அது சேர்ந்த பேரினத்தைக் காட்டும், இரண்டாம் சொல் அதன் தனி இனத்தைக் காட்டும். 1758ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின் 10ஆம் பதிப்பே விலங்குகளுக்குப் பெயரிடும் முறைக்கு இன்றுவரை தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

அந்நூலின் 12ஆம் பதிப்பில், 1767ஆம் ஆண்டு, நம் சங்குக்கு லின்னேயசு இட்ட பெயர் வொலூட்டா பைரம் என்பதாகும். பைரம் என்பது பேரிக்காய். சங்கின் பருத்த உடலும் ஒடுங்கிய வாலும் அவருக்குப் பேரிக்காயை நினைவூட்டின போலும். சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் உள்ளன. அவ்வாறு மடிப்புள்ள ஓடுகளையெல்லாம் அவர் வொலூட்டா என்னும் ஒரே கூடையில் இட்டார். அவர் கண்டது ஓடு. ஓட்டினுள் வாழ்ந்த உயிரையன்று.

ஓட்டை மாத்திரம் பார்த்து வகுத்தலால் வரும் இடர்ப்பாட்டுக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. கிழக்குக் கடல்களின் சேற்றுநிலங்களில் துளையிட்டு வாழும் சிறிய உயிரொன்று இருக்கின்றது. வாத்தின் அலகு போன்ற இரண்டு மெல்லிய ஓடுகளும், புழுப்போன்ற நீண்ட காம்பும் உடையது. அதன் ஓடு ஒன்று மாத்திரம் லின்னேயசுக்குக் கிடைத்தது. ஒற்றை ஓடுடையதென எண்ணி, பாறையில் ஒட்டி வாழும் நத்தைகளோடு அதனைச் சேர்த்தார். பிற்பாடு இரண்டு ஓடுகளும் காம்பும் ஒருங்கே காணப்பட்டபோதுதான் அது வேறு என்று தெரிந்தது. சிறுநா என்னும் பொருள்பட லிங்குலா என அதற்குப் புதிய பேரினம் வகுக்கப்பட்டது. கூவியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் உடலை அறுத்து ஆராய்ந்தார். கையே காலாக உடையவை என்னும் பொருள்தரும் பிறாக்கியோப்பொடா என்ற பெரும்பிரிவும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. லிங்குலா நத்தையுமன்று, சிப்பியுமன்று என்பது நிலைபெறுவதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இனி, சங்கின் வழக்குக்கு மீளலாம்.

செருமனியின் ஆம்பர்க் நகரில் போல்டன் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய சங்கு, சிப்பித் தொகுதி அவர் 1796ஆம் ஆண்டு இறந்தபின் விற்பனைக்கு வந்தது. விற்பனைக்கான பட்டியலை ஆயத்தம் செய்தவர் அதே நகரத்து ரோடிங் என்பவர். 1798ஆம் ஆண்டு வெளிவந்த அப்பட்டியல் வெறும் விலைப்பட்டியலாய் அமையவில்லை. தொகுதியிலுள்ள பொருள்களைப் புதிய பேரினங்களாக ரோடிங் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலத்தீன் பெயர் இட்டிருந்தார். வொலூட்டாக் கூடையிலிருந்து நம் சங்கை வெளியே எடுத்து, அதற்குத் தனிப் பேரினம் அமைத்து, சாங்கசு என்று பெயரிட்டார். சங்கு என்னும் சொல்லே இலத்தீன் ஈறு பெற்று விஞ்ஞானப் பெயராயிற்று. இக்கடலை ஒருபோதும் காணாத ஒருவரின் கையால், இக்கரையின் சொல் ஒரு பேரினத்தின் பெயராக எழுதப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1799இல், பாரிசு நகரில் லமார்க்கு என்னும் பேரறிஞர் சிப்பிகளையும் சங்குகளையும் புதிதாக வகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரும் அதே சங்கைத் தனியே பிரிக்கவேண்டுமெனக் கண்டார். ஆம்பர்க் பட்டியலின் பெயரை அவர் கொள்ளவில்லை. சிறுபம்பரம் என்னும் பொருள்பட தர்பினெல்லா என்று பெயரிட்டார். ஆகவே ஓராண்டு இடைவெளியில் ஒரே பேரினத்துக்கு இரண்டு பெயர்கள் பிறந்தன. ஒன்று விற்பனைப் பட்டியலிற் பிறந்தது. மற்றொன்று அறிஞர் கழகத்தின் ஏட்டிற் பிறந்தது.

சங்கிலே வார்த்தால் தீர்த்தம், மொந்தையிலே வார்த்தால் தண்ணீர் என்பது நம்மவர் பழமொழி. லமார்க்கு பாரிசு அருங்காட்சியகத்தின் பேராசிரியர். அவர் நூல்கள் ஐரோப்பாவெங்கும் பயிலப்பட்டன. ரோடிங்கின் பட்டியலோ மிகச் சில படிகளே எஞ்ச, மறதியில் ஆழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் தர்பினெல்லா என்ற பெயரே வழங்கிற்று. 1859ஆம் ஆண்டு இலங்கையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் தெனன்றும் அப்பெயரையே கையாண்டார்.

இதற்கிடையே பெயரிடும் முறைக்குச் சட்டம் தேவை என்பதை உலகத்து விலங்கியலார் உணர்ந்தனர். 1895ஆம் ஆண்டு கூடிய அனைத்துலக விலங்கியல் மாநாட்டில் இதற்கென ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மாநாடு கூடிய நகரம் ஒல்லாந்தின் லெய்டன். ஊர்காவற்றுறைத் தீவு ஒருகாலத்திற் சுமந்த பெயருக்குரிய அதே நகரம். சட்டத்தின் அடிப்படை முந்துரிமை. ஓர் உயிருக்கு 1758ஆம் ஆண்டின் பின்னர் முறைப்படி முதலில் அச்சேறிய பெயரே செல்லும். புகழ், பதவி, நூலின் பெருமை எதுவும் கணக்கில் இல்லை. காலம் ஒன்றே கணக்கு.

இச்சட்டம் பழைய நூல்களைத் தேடிப் பார்க்கும் ஊக்கத்தை எழுப்பிற்று. ஆம்பர்க் பட்டியல் 1906ஆம் ஆண்டு மறுபதிப்புப் பெற்றது. அமெரிக்க அறிஞர் தால் 1915ஆம் ஆண்டு அதற்கு ஓர் அகரவரிசை வெளியிட்டார். அப்போது தெளிவாயிற்று: லமார்க்கை விட ரோடிங் ஓராண்டு முந்தியவர். சட்டப்படி சாங்கசு என்பதே சரியான பெயர். எனவே நூறாண்டுக்கு மேல் உறங்கிய சொல் மீண்டும் எழுந்தது. அப்பேரினத்தின் உறவினங்கள் அத்திலாந்திக்குக் கடலிலும் உள. மேற்கிந்தியத் தீவுகளின் பெருஞ்சங்கையும் பிரசில் நாட்டுச் சங்கையும் அமெரிக்க அறிஞர்கள் சாங்கசு என்றே எழுதலாயினர். குடும்பப் பெயரும் அதற்கேற்ப மாறிற்று. பாக்கு நீரிணையிற் சங்கு குளித்தவன் வாயில் வழங்கிய சொல், அவன் காணாத கடல்களின் உயிர்களுக்கும் பொதுப்பெயராயிற்று.

இதே காலத்தில் நம் கடல்களிலே மற்றொரு வேலை நடந்துகொண்டிருந்தது. இலங்கையின் முத்துக்குளிப்புப் பற்றி ஆராய 1902ஆம் ஆண்டு பேராசிரியர் ஏர்டுமன் இங்கு வந்தார். அவர் பதிப்பித்த அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அவரோடு வந்து இங்கேயே தங்கிப் பணிபுரிந்தவர் சேம்சு ஓர்னெல். பின்னர் சென்னை அரசாங்கத்தின் மீன்வளத் துறையிற் சேர்ந்த ஓர்னெல், 1914ஆம் ஆண்டு இந்தியாவின் திருச்சங்கைப் பற்றித் தனிநூல் எழுதி வெளியிட்டார். நூலின் தலைப்பில் அவர் எழுதிய பெயர் தர்பினெல்லா என்பதே.

எனினும், ஓர்னெல் செய்த பணி பெயரினும் பெரியது. அவர் பேழையில் இருந்த ஓடுகளை மாத்திரம் பார்த்தாரல்லர். குளிப்போரோடும் வணிகரோடும் பழகினார். வளையல் அறுப்போர் பட்டறைகளையும் நோக்கினார். சாதி என்றும் பட்டி என்றும் அவர்கள் பிரித்த பிரிவு வெறும் சந்தைப் பேச்சன்று, உயிரின் உண்மையான வேறுபாடு என்று கண்டார். கூர்முனையுடையதை அக்குற்றா என்றும், மழுங்கிய முனையுடையதை ஒப்தூசா என்றும் அவர் இலத்தீனில் எழுதினார். மூழ்கி எடுத்தவனின் அறிவு, முதன்முறையாக விஞ்ஞான நூலில் இடம்பெற்றது. அவ்வகைகள் தனி இனங்கள் அல்ல, ஒரே இனத்தின் இடவேறுபாடுகள் என்பதே பிற்காலத்தார் கொண்ட முடிவு. ஆயினும், வேறுபாடு உண்டு என்பதை மறுப்பாரில்லை.

சாங்கசு, தர்பினெல்லா என்னும் இரண்டு பெயர்களும் சில பத்தாண்டுகள் ஒருங்கே வழங்கின. ஒரு நூல் ஒன்றைக் கொண்டது. மற்றொரு நூல் மற்றதைக் கொண்டது. ஒரே உயிரைப் பற்றிய செய்திகள் இரண்டு தலைப்புகளின் கீழ்ச் சிதறின. பெயரிடும் முறை எதற்காக ஏற்பட்டதோ அந்நோக்கமே இதனால் கெட்டது. முந்துரிமைச் சட்டத்தைக் கண்மூடிப் பின்பற்றினால் சிலபோது குழப்பம் மிகும் என்பதை உணர்ந்து, வேண்டியபோது அச்சட்டத்தையே விலக்கி முடிவுசெய்யும் முழு அதிகாரம் 1913ஆம் ஆண்டிலேயே ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்டிருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 1957ஆம் ஆண்டு ஆணைக்குழு தீர்ப்பளித்தது. சாங்கசு என்னும் பெயர் ஒடுக்கப்பட்டது. தர்பினெல்லா நிலைநிறுத்தப்பட்டது. இன்று உலகத்து நூல்களில் நம் சங்கின் பெயர் தர்பினெல்லா பைரம். அஃதாவது, பேரிக்காய் போன்ற சிறுபம்பரம்.

தீர்ப்பு வந்தவுடன் வழக்கு மாறிவிடவில்லை. இந்திய மீன்வள ஆய்வாளர்கள் அதன்பின்னும் பல ஆண்டுகள் சாங்கசு பைரம் என்றே எழுதிவந்தனர். 1970களின் வெளியீடுகளிலும் அப்பெயரைக் காணலாம். ஆதலால், சங்குக்குளிப்பின் வரலாற்றைத் தேடுவோர் இன்றும் இரண்டு பெயர்களையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்றை மாத்திரம் அறிந்தவர் பாதி ஏடுகளைக் காணாமலே போவர்.

இத்தீர்ப்பு நேரியதா என்னும் வினா எழுதல் இயல்பு. சட்டத்தின் எழுத்தை நோக்கினால் வென்றிருக்க வேண்டியது சாங்கசு. உரிமையை நோக்கினாலும் அவ்வுயிரை முதலில் அறிந்து, பிடித்து, பயன்கொண்ட மக்களின் சொல் அது. வழக்கின் உறுதியை நோக்கினால் தர்பினெல்லா நூறாண்டுக்கு மேல் எல்லாராலும் அறியப்பட்ட பெயர். ஆணைக்குழு மூன்றாவதைக் கொண்டது. அதில் எவர்மீதும் பகையில்லை. எம்மொழிக்கும் இழிவு நினைக்கப்படவில்லை. ஆயினும், யாருடைய வழக்கு எண்ணப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். பாரிசிலும் இலண்டனிலும் அச்சான நூல்களின் நூறாண்டு வழக்கு எண்ணப்பட்டது. கரையோர மக்களின் ஈராயிரம் ஆண்டு வழக்கை எண்ணுவதற்கு அச்சட்டத்தில் இடமே இல்லை. அச்சட்டத்துக்குக் காலம் 1758இல்தான் தொடங்குகின்றது.

எனினும், பெயரை இழந்ததைப் பேரிழப்பு என்று கொள்ளவேண்டுவதில்லை. இலத்தீன் பெயர் செய்யவேண்டிய தொழில் ஒன்று; மக்கள் இட்ட பெயர் செய்யும் தொழில் வேறொன்று. தர்பினெல்லா பைரம் என்றால், யப்பானில் இருப்பவரும் பிரசிலில் இருப்பவரும் எவ்வுயிரைப் பற்றிய பேச்சு என்பதை ஐயமின்றி அறிவர். ஆனால் அச்சங்கு மன்னார்க் குடாவில் எடுத்ததா, நெடுந்தீவுக்கு அப்பால் எடுத்ததா என்பதை அப்பெயர் சொல்லாது. பட்டி என்னும் சிறுசொல் அதனைச் சொல்லும்.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் செய்தியன்று. சங்கின் குஞ்சு மிதந்து திரிவதில்லை என்பது முன்னரே கூறப்பட்டது. ஒரு பாரில் உள்ள சங்குகளை முற்றாக வாரி எடுத்துவிட்டால், தொலைவிலுள்ள பாரிலிருந்து புதுக்குஞ்சுகள் மிதந்து வந்து அதனை நிரப்பும் என்று எதிர்பார்த்தல் இயலாது. ஆகவேதான் சிறு சங்குகளை எடுத்தல் ஆகாது எனப் பாக்கு நீரிணையின் இருகரை அரசுகளும் அளவு விதித்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடகடலிற் சென்று தொழில் செய்தல் கடுமையான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தது. போர் முடிந்தபின் சங்கு குளித்தல் மீண்டும் வளர்ந்தது. மூச்சையடக்கி மூழ்கிய காலம் போய், காற்றுக் கலத்தை முதுகிற் சுமந்து நெடுநேரம் கடலடியில் நின்று எடுக்கும் காலம் வந்தது. மூச்சின் அளவே ஒருகாலத்தில் சங்குக்குக் காவலாயிருந்தது. அக்காவல் நீங்கிய பின், எந்தப் பாரில் எந்த வகை, எவ்வளவு எஞ்சியுள்ளது என்னும் அறிவே காவலாக வேண்டும். அவ்வறிவின் தொடக்கம் குளிப்போரின் சொற்களில் இருக்கின்றது. அச்சொற்கள் எழுதப்படாமல் மறையுமாயின், ஆணைக்குழு நீக்கிய ஒரு பெயரினும் அது பெரிய இழப்பாகும்.

நெடுந்தீவின் கதையும் இதையே உணர்த்துகின்றது. ஒல்லாந்தர் இட்ட பெயர் ஆங்கில ஏடுகளில் நிற்கின்றது. அதனால் தீவு தன் பெயரை மறந்துவிடவில்லை. குறிகட்டுவானிற் படகேறுவோர் நெடுந்தீவுக்குப் போகின்றோம் என்றே சொல்கின்றனர். அவ்வாறே, விஞ்ஞான நூல்களிற் சிறுபம்பரமாக இருக்கும் அவ்வுயிர், கரையேறியதும் சங்காகிவிடுகின்றது. ஏட்டுப் பெயரை ஏடுகள் காக்கும். ஊர்ப்பெயரையும், அதனுள் அடங்கிய அறிவையும் காக்கும் பொறுப்பு அக்கரையில் வாழ்வோருடையது.